ஒரு மொழி, பல மனை: ஆங்கில நாடுகளில் அறைப் பெயர்கள்

ஆங்கிலம் எங்கும் ஒன்றே என்னும் எண்ணம் பலருக்கு உண்டு. அறிவியல், வாணிகம், அரசியல் ஆகிய துறைகளில் இவ்வெண்ணம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. இலண்டனில் அச்சான இயற்பியல் நூலைச் சிட்னி மாணவன் தடையின்றிப் படிக்கிறான். நியூயார்க்கில் வெளியான பொருளியல் கட்டுரை சிங்கப்பூரில் அப்படியே விளங்குகிறது. ஆனால் வீட்டு வாயிலைக் கடந்து உள்ளே சென்றுவிட்டால் நிலைமை வேறு. விருந்தினரை அமர வைக்கும் அறையின் பெயர் என்ன, துணி வைக்கும் இடத்தின் பெயர் என்ன, கை கால் கழுவும் இடத்தை எப்படிக் கேட்பது என்னும் சிறு வினாக்களுக்கே நாட்டுக்கு ஒரு விடை கிடைக்கிறது.

இவ்வேறுபாடு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆசிரியர்க்கு இது வேடிக்கை அன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் வீட்டின் முதன்மையான அறையை ‘ஹால்’ என்று சொல்லியே வளர்கின்றனர். ஆங்கிலக் கட்டுரையில் அச்சொல்லை எழுதினால், ஹால் என்பது நடைவழி அல்லவா என்று செம்மைக் கோடு விழுவதுண்டு. பாடநூலில் ‘சிட்டிங் ரூம்’ என்றிருக்கிறது. தொலைக்காட்சி ‘லிவிங் ரூம்’ என்கிறது. ஆத்திரேலியாவில் வாழும் உறவினர் ‘லவுஞ்ச் ரூம்’ என்கின்றனர். எது சரி, எது பிழை?

அறைப் பெயர் மொழிக்கு மட்டும் உரியதன்று, மனைக்கும் உரியது. மனை எவ்வாறு கட்டப்பட்டது, அங்கு யார் வாழ்ந்தனர், யார் ஏவல் செய்தனர், எதனைச் சொல்ல நாணினர் என்பன எல்லாம் அப்பெயரில் பதிந்து கிடக்கின்றன. ஆதலின், எந்த நாட்டு வீடு என்று கேளாமல் ஒரு பெயரைப் பிழை என்று ஒதுக்குதல் முறையாகாது. இதனைத் தெளிவாகக் காண்பதற்குத் தமிழ் இலக்கண நூலார் வகுத்துத் தந்த மரூஉ, இடக்கரடக்கல், குழூஉக்குறி, திசைச்சொல் என்னும் பாகுபாடுகளே நல்ல துணையாகின்றன.

மன்றம் நடைவழியான கதை

முதலில் ‘ஹால்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இது மிகப் பழைய சொல். ஆங்கிலோ சாக்சன் காலத்துத் தலைவனுடைய மனையில் தலையாய இடம் ஒரு நீண்ட பெரிய அறை. நடுவே தரையில் தீ எரியும். புகை கூரை வழியே வெளியேறும். தலைவனும் சுற்றத்தாரும் ஏவலரும் அங்கே உண்பர். முறையீடுகளை அங்கே கேட்பர். இரவில் பலர் அங்கேயே படுப்பர். அம்மன்றத்தின் பெயரே ஹால். நகர மன்றங்களும் கல்லூரி விடுதிகளும் நாட்டுப்புறத்துப் பெருமாளிகைகளும் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்பது அப்பழமையின் சுவடேயாகும்.

காலப்போக்கில் தலைவனுடைய குடும்பம் தனித்திருக்க விரும்பியது. சுவரோடு இணைந்த புகைபோக்கி வந்தபின் ஒவ்வோர் அறையிலும் தீ மூட்ட முடிந்தது. புகை நிறைந்திருந்த மேற்புறத்தில் மாடி அமைக்க முடிந்தது. உண்பதற்கு ஓர் அறை, உறங்குவதற்கு ஓர் அறை, பேசியிருப்பதற்கு ஓர் அறை எனப் பணிகள் பிரிந்தன. ஒவ்வொரு பணியாக இழந்த ஹால் சுருங்கிச் சுருங்கி, வாயிலிலிருந்து பிற அறைகளுக்குச் செல்லும் வழியாக மட்டும் எஞ்சியது. இன்று பிரிட்டனில் ஹால் என்றால் குடையும் மேலங்கியும் மாட்டி வைக்கும் நடைவழி. அமெரிக்காவிலும் அறைகளுக்கு இடைப்பட்ட வழியையே ஹால் என்றும் ‘ஹால்வே’ என்றும் சொல்கின்றனர்.

இந்தியாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சொல் வேறு வாழ்வு பெற்றது. குடும்பத்தார் கூடுவதும் விருந்தினர் அமர்வதும் திருநாள் கொண்டாடுவதும் ஹாலில்தான். இடம் போதாத வீடுகளில் இரவில் பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான். தமிழர் பழைய வீடுகளில் ‘கூடம்’ செய்த பணியை இவ்வறை செய்கிறது. ஆங்கிலோ சாக்சன் மன்றம் செய்த பணியும் ஏறத்தாழ இதுவே. ஆகவே பிள்ளை எழுதிய ‘ஹால்’ அறியாமையால் வந்த சொல் என்று கொள்ளுதல் பொருந்தாது. பிரிட்டிஷ் வீட்டை வருணிக்கும்போது அது பொருந்தாது; தன் வீட்டை வருணிக்கும்போது அது முற்றும் பொருந்தும்.

பேசும் அறை, விலகும் அறை, வாழும் அறை

ஹால் இழந்த பணிகளை ஏற்றுக்கொண்ட அறைகளின் பெயர்கள் பல. அவற்றுள் ‘பார்லர்’ என்பது பேசுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. துறவியர் மடங்களில் வெளியாரோடு பேசுவதற்கென ஓர் அறை இருந்தது; அதுவே பார்லர். பின்னர் இல்லங்களிலும் அப்பெயர் புகுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எளிய குடும்பத்தார்கூடத் தெருவை நோக்கிய அறையைப் பார்லராகப் பேணினர். நல்ல நாற்காலிகள் அங்கே இருக்கும். ஞாயிற்றுக்கிழமையிலும், விருந்தினர் வரும் நாளிலும், வீட்டில் சாவு நேர்ந்தபோது உடலைக் கிடத்தி வைப்பதற்கும் அவ்வறை பயன்பட்டது. இன்று வீட்டில் அப்பெயர் அருகிவிட்டது. அழகு நிலையங்களிலும் பனிக்கூழ்க் கடைகளிலும் வாழ்கிறது. அமெரிக்காவில் ஈமச் சடங்கு நடத்தும் நிலையத்துக்கும் ‘பார்லர்’ என்னும் பெயர் வழங்குகிறது.

‘டிராயிங் ரூம்’ என்பதைக் கேட்டவுடன் ஓவியம் வரையும் அறை என்று மாணாக்கர் கருதுவர். அதற்கும் ஓவியத்துக்கும் தொடர்பில்லை. விலகிச் செல்லுதல் என்னும் பொருளுடைய ‘வித்டிராயிங்’ என்பதன் முதற்பகுதி தேய்ந்துபோக எஞ்சிய சொல் அது. தஞ்சாவூர் தஞ்சை என மருவியது போன்றதோர் மரூஉ எனலாம். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் பெருமனையின் தலைவர் பலர் கூடும் அறையிலிருந்து விலகி இளைப்பாறச் சென்ற தனியறை அது. விருந்து முடிந்ததும் பெண்டிர் மட்டும் எழுந்து அவ்வறைக்குச் செல்லும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது. பெயருக்குக் காரணம் அவ்வழக்கமே என்று பலர் சொல்வது காலத்தை முன்பின்னாக மாற்றுவதாகும்.

இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘லிவிங் ரூம்’ பொதுப் பெயர். பிரிட்டனில் லிவிங் ரூம், சிட்டிங் ரூம், லவுஞ்ச், ‘ஃபிரண்ட் ரூம்’ ஆகிய நான்கும் வழங்குகின்றன. அயர்லாந்தில் சிட்டிங் ரூம் மிகுதி. ஆத்திரேலியாவில் லவுஞ்ச் ரூம்; நியூசிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் லவுஞ்ச். சிக்காகோ நகரத்துப் பழைய குடியினர் ஃபிரண்ட் ரூம் என்பதை ஒரே சொல்லாக மருவி ‘ஃபிரன்ச்ரூம்’ என்று ஒலிப்பர். கேட்பவர் பிரெஞ்சு நாட்டு அறை என்று மயங்கக்கூடும்.

பெயர் இல்லாத அறைக்குப் பெயர் பிறந்த செய்தி ஒன்றும் உண்டு. 1945-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜார்ஜ் நெல்சன், ஹென்றி ரைட் என்னும் இருவர் வருங்கால வீட்டைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே பொழுது போக்குவதற்கு, அழுக்காகுமே என்று அஞ்சாமல் புழங்கக்கூடிய ஓர் அறை வேண்டும் என்று அதில் எழுதினர். அதனைப் ‘பெயரில்லாத அறை’ என்றே குறித்தனர். போருக்குப் பின் அமெரிக்கப் புறநகர்களில் அத்தகைய அறைகள் பெருகின. ‘ஃபேமிலி ரூம்’ என்னும் பெயர் நிலைபெற்றது. முதலில் தேவை தோன்றிற்று. பின்னர் அறை தோன்றிற்று. பெயர் இறுதியில் வந்தது. சொல்லின் பிறப்பை விளக்க இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஒரு சொல்லால் அளக்கப்பட்ட குடிப்பிறப்பு

நாட்டுக்கு நாடு மட்டுமன்றி, ஒரே நாட்டில் வகுப்புக்கு வகுப்பும் சொல் வேறுபட்டது. பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் ராஸ் 1954-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மொழியியல் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்தின் மேல்வகுப்பாரைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டுவது செல்வமன்று, சொல்லே என்று அவர் காட்டினார். மறு ஆண்டு நான்சி மிட்ஃபோர்டு என்னும் எழுத்தாளர் அக்கருத்தை ‘என்கவுண்டர்’ என்னும் இதழில் பரப்பினார். நாடெங்கும் பேச்சாயிற்று. 1956-ஆம் ஆண்டில் அது நூலாகவும் வந்தது.

அவர்கள் காட்டிய அளவுகோலின்படி, ‘லவுஞ்ச்’ என்பது மேல்வகுப்பார்க்கு உணவு விடுதியில் உள்ள இடம்; தம் வீட்டில் உள்ள அறை அன்று. ‘டாய்லெட்’ என்று சொல்பவர் மேல்வகுப்பார் அல்லர்; ‘லாவெட்டரி’ என்று சொல்பவரே அவ்வகுப்பார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி என்று இலக்கணம் கற்றோர் அறிவர். இதுவும் ஒரு குழூஉக்குறியே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பொற்கொல்லர் குறி தொழிலை மறைத்தது. இக்குறியோ மனிதரை எடை போட்டது. உழைத்து முன்னேறி, ஒரு வீடு வாங்கி, அதன் அறையை லவுஞ்ச் என்று பெருமையோடு சொன்ன குடும்பத்தார் அந்த ஒரு சொல்லாலேயே தாழ்வாக எண்ணப்பட்டனர். சொல்லில் குற்றமில்லை. அதனை அளவுகோலாக்கியவர் மனத்தில்தான் குற்றம் இருந்தது.

சொல்லில் பழைய ஏவல் முறையின் நிழல் படிவதும் உண்டு. வீட்டின் பெரிய படுக்கையறையை ‘மாஸ்டர் பெட்ரூம்’ என்பது பல நாடுகளிலும் வழக்கு. ‘மாஸ்டர்’ என்பது தலைவனை மட்டுமன்றி அடிமைகளின் உடைமையாளனையும் குறித்த சொல்லாதலின், அமெரிக்காவில் சிலர் அதனை விரும்பவில்லை. 2020-ஆம் ஆண்டில் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகர வீட்டுத் தரகர் சங்கம் தன் விற்பனைப் பட்டியல்களில் அச்சொல்லை நீக்கி, முதன்மையானது என்னும் பொருள்படும் ‘பிரைமரி பெட்ரூம்’ என மாற்றியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பழைய பெயரே வழங்குகிறது. ஒரு நாட்டில் புண்ணாக இருக்கும் சொல் இன்னொரு நாட்டில் வெறும் சொல்லாக இருத்தல் கூடும்.

வடக்கே வழங்கும் திசைச்சொற்கள்

ஸ்காத்லாந்தின் பழைய குடிசை வீடுகளில் இரண்டே அறைகள். வெளியறைக்குப் ‘பட்’ என்று பெயர்; சமையலும் புழக்கமும் அங்கே. உள்ளறைக்குப் ‘பென்’ என்று பெயர். புறத்தே, அகத்தே என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொற்களே இவ்வாறு தேய்ந்தன. ‘பட் அண்ட் பென்’ என்றால் ஈரறைக் குடிசை. விருந்தினரை உள்ளே வருமாறு அழைப்போர் ‘பென்’ பக்கம் வருமாறு சொல்வர். கிளாஸ்கோ நகரத்து அடுக்கு வீடுகளில் ‘ரூம் அண்ட் கிச்சன்’ என்றால் ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொண்ட குடியிருப்பு. ஒரே அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்த வீட்டுக்குச் ‘சிங்கிள் எண்டு’ என்று பெயர். இச்சொற்களில் வறுமையின் வரலாறு அடங்கியிருக்கிறது.

அயர்லாந்திலும் ஸ்காத்லாந்திலும் அலமாரிக்குப் ‘பிரஸ்’ என்று பெயர். அயர்லாந்தில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் சிறு அலமாரியில் துணிகளை ஈரம் போக அடுக்கி வைப்பர். அதனை ‘ஹாட் பிரஸ்’ என்பர். இங்கிலாந்தில் இதற்கு ‘ஏரிங் கப்போர்டு’ என்று பெயர். அச்சகத்தையும் செய்தித்தாளையும் மட்டுமே ‘பிரஸ்’ என்று அறிந்த ஒருவர், ஐரிஷ் வீட்டில் கோப்பைகள் பிரஸ்ஸில் இருக்கின்றன என்று கேட்டால் திகைப்பார். திகைப்பு நீங்க வேண்டுமாயின் அவர் அகராதியைப் பார்ப்பதோடு வீட்டையும் பார்க்க வேண்டும்.

அடுக்களையைச் சுற்றி

பழைய ஆங்கிலப் பெருமனைகளில் உணவுப் பொருள்களைக் காப்பதற்கே தனித்தனி அறைகள் இருந்தன. ‘பேன்ட்ரி’ ரொட்டி வைக்கும் அறை. ரொட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ‘லார்டர்’ இறைச்சி வைக்கும் அறை. பன்றிக் கொழுப்பின் பெயரால் அமைந்தது. ‘பட்டரி’ என்பது வெண்ணெய் வைக்கும் அறை என்று தோன்றும். உண்மையில் அது மதுப் பீப்பாய்கள் வைத்த அறை. ‘ஸ்கல்லரி’ தட்டுகளைக் கழுவும் அறை. ஏவலர் பலர் இருந்த காலத்தில் இவ்வறைகள் தேவைப்பட்டன. ஏவலர் குறைந்து, குளிர்ப்பெட்டி வந்தபின் பெரும்பாலான வீடுகளில் இவை மறைந்தன.

பெயர்கள் மட்டும் வேறு இடம் தேடிக்கொண்டன. சிங்கப்பூர், மலேசிய அலுவலகங்களில் பேன்ட்ரி என்றால் ஊழியர் தேநீர் கலக்கிக் குடிக்கும் சிறிய இடம். அங்கே ரொட்டி இருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை. மலேசிய வீடுகளில் ‘வெட் கிச்சன்’, ‘டிரை கிச்சன்’ என்னும் இரட்டைப் பெயர்கள் தோன்றியுள்ளன. மீன் கழுவுதல், தாளித்தல், அரைத்தல் முதலிய புழக்கமெல்லாம் முன்னதில். தேநீர், சிற்றுண்டி முதலியன பின்னதில். எண்ணெயும் புகையும் மிகுந்த சமையலுக்கு ஏற்ப மனை மாறியது. மனைக்கு ஏற்பச் சொல் பிறந்தது. இங்கிலாந்து அகராதி இதனை அறியவில்லை என்பதால் இது பிழையாகிவிடாது.

ஆசிய நாடுகளிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற பெயர்களும் உண்டு. பண்டசாலையைக் குறிக்கும் ‘கோடவுன்’ மலாய் மொழியின் ‘குடாங்’ என்பதிலிருந்து வந்தது. அம்மலாய்ச் சொல்லுக்கு மூலம் தெலுங்கிலோ தமிழிலோ உள்ள ‘கிடங்கு’ என்பதாக இருக்கலாம் என்பது அகராதியாளர் கருத்து. வீட்டைச் சுற்றியுள்ள வேலியிட்ட இடத்தைக் குறிக்கும் ‘காம்பவுண்டு’ மலாய்க் ‘கம்போங்’ என்பதன் திரிபு என்பர். ‘பங்களா’ வங்காள நாட்டு வீடு என்னும் பொருளது. அச்சொல் பிரிட்டனுக்குச் சென்று மாடியில்லாத வீட்டைக் குறித்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தனித்து நிற்கும் வீடு மூன்று மாடி உடையதாயினும் பங்களாவே. மாடிப் பங்களா என்று ஓர் ஆங்கிலேயரிடம் சொன்னால் அவர் முரண் என்று கருதக்கூடும். இங்கே அதில் முரண் ஏதுமில்லை.

இடக்கரடக்கல்

கழிவறையின் பெயர்களில் காணும் வேற்றுமை மிகப் பெரிது. காரணம் தெளிவு. சொல்லத்தகாததை நேரே சொல்லாமல் வேறொன்றால் சொல்லுதலை இடக்கரடக்கல் என்பர். கால் கழுவி வருதல் என்பது யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு. ஆங்கிலம் பேசுவோரும் அவ்வாறே செய்தனர். ஆனால் மறைப்பதற்கென வந்த சொல் சில தலைமுறைகளில் மறைக்கப்பட்ட பொருளாகவே ஆகிவிடும். பிறகு அதனை மறைக்க இன்னொரு சொல் வேண்டும். நாட்டுக்கு நாடு வேறு சொல் எழுந்தமையால் வேற்றுமை பெருகிற்று.

‘லாவெட்டரி’ என்பதன் முதற்பொருள் கழுவும் இடம் என்பதே. ‘டாய்லெட்’ என்பது சிறு துணி என்னும் பிரெஞ்சுச் சொல். ஒப்பனை மேசைமேல் விரித்த துணியைக் குறித்து, பின் ஒப்பனையைக் குறித்து, பின் ஒப்பனை அறையைக் குறித்து, இறுதியில் கழிவறையைக் குறித்தது. ‘குளோசெட்’ என்பது மூடிய சிற்றறை. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் தனித்திருந்து வேண்டுதல் செய்யும் அறைக்கு அச்சொல் ஆளப்பட்டுள்ளது. பிரிட்டனில் அது நீர்க்கழிவறையின் பெயரில் சேர்ந்து பெருமை இழந்தது. அமெரிக்காவிலோ சுவரோடு அமைந்த துணி அறையின் பெயராக இன்றும் விளங்குகிறது.

நீர்க்கழிவறையின் வரலாறும் சொல்லின் வரலாற்றோடு பிணைந்தது. எலிசபெத் அரசியின் ஞானப்புதல்வரான சர் ஜான் ஹாரிங்டன் 1596-ஆம் ஆண்டிலேயே அதன் அமைப்பை விளக்கி ஒரு நூல் எழுதினார். 1775-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் வளைந்த குழாயில் நீர் தேங்கித் தீநாற்றத்தைத் தடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1848-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் புதிய வீடுகளில் ஏதேனும் ஒரு வகைக் கழிப்பிடம் இருத்தல் வேண்டும் என விதித்தது. முற்றத்தின் கோடியில் இருந்தது வீட்டுக்குள் வந்தது. அமெரிக்காவில் குளியல் தொட்டியும் கழிகலமும் ஒரே அறையில் அமைவது பரவலாகவே, ‘பாத்ரூம்’ என்பது இரண்டுக்கும் பெயராயிற்று. அதனால்தான் குளிக்கும் வசதியே இல்லாத அறையையும் அமெரிக்கர் பாத்ரூம் என்கின்றனர். பொது இடங்களில் ‘ரெஸ்ட்ரூம்’ என்பர். அங்கே ஓய்வெடுக்க இருக்கை தேட வேண்டியதில்லை. கனடியர் ‘வாஷ்ரூம்’ என்பர். பிலிப்பீன்சு நாட்டார் ‘கம்ஃபர்ட் ரூம்’ என்றும் சுருக்கமாகச் ‘சி.ஆர்.’ என்றும் கேட்பர். பிரிட்டனில் ‘லூ’ இயல்பாக வழங்குகிறது. ஆத்திரேலியாவில் வீட்டுக்குப் புறத்தே இருந்த கழிப்பிடத்தின் பெயரான ‘டன்னி’ இன்றும் பேச்சில் உண்டு.

‘அவுட்ஹவுஸ்’ என்னும் சொல் இன்னும் மயக்கம் தரும். பிரிட்டனில் அது வீட்டை ஒட்டிய கொட்டகை. அமெரிக்காவில் அது புறத்தே உள்ள கழிப்பிடம். பிரிட்டிஷ் கதையில் ஒருவர் அவுட்ஹவுஸில் விறகு அடுக்கினார் என்று இருந்தால், அமெரிக்க மாணவர் முகம் சுளிப்பர்.

திண்ணையும் புறமும்

வீட்டின் முன்புறத்துக்கும் பெயர் பல. ஒல்லாந்தர் நியூயார்க் வட்டாரத்தை 1664-ஆம் ஆண்டு வரை ஆண்டனர். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் 1652-ஆம் ஆண்டில் குடியேறினர். இரண்டு இடங்களிலும் அவர்கள் மொழியின் ஒரே சொல் ஆங்கிலத்தில் தங்கிவிட்டது. ஆனால் நியூயார்க்கில் ‘ஸ்டூப்’ என்பது தெருவிலிருந்து வாயிலுக்கு ஏறும் படிக்கட்டு. தென்னாப்பிரிக்காவில் அது வீட்டின் முன் உயர்த்திக் கட்டிய தாழ்வாரம். இந்தியாவிலிருந்து சென்ற ‘வெராண்டா’ ஆத்திரேலிய வீடுகளின் அடையாளமாகவே ஆயிற்று. அதன் ஒரு பகுதியை அடைத்துப் படுக்கும் இடமாக்கினால் ஆத்திரேலியர் ‘ஸ்லீப்அவுட்’ என்பர்; நியூசிலாந்தில் அச்சொல் வீட்டினின்று தனித்து நிற்கும் சிற்றறையைக் குறிக்கும். ‘போர்ச்’ பிரிட்டனில் வாயிலுக்கு மேல் உள்ள சிறு கூரை அமைப்பு. அமெரிக்காவில் நாற்காலி இட்டு அமரும் அகன்ற தாழ்வாரம். மலேசியாவில் அதனோடு ‘கார்’ சேர்ந்து வண்டி நிறுத்தும் இடமாகிறது.

இத்தகைய சொல்லின் பொருள் குறித்து ஊரே கலங்கியதும் உண்டு. 1822-ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் வகுத்த சிங்கப்பூர் நகரத் திட்டத்தின்படி ஒவ்வொரு வீட்டின் முன்னும் வெராண்டா இருத்தல் வேண்டும். அது தொடர்ந்து செல்லும் பொதுவழியாகத் திறந்திருத்தலும் வேண்டும். மலாய் மொழியில் ‘காக்கி லீமா’ என்றும் தமிழில் ஐந்தடிப் பாதை என்றும் வழங்குவது அதுவே. கடைக்காரர்களோ அதனைத் தம் வீட்டின் பகுதியாகக் கருதிப் பொருள்களை அடுக்கினர். 1888-ஆம் ஆண்டில் நகராண்மையினர் அதனைக் காலி செய்ய முற்பட்டபோது கலகம் மூண்டது. வரலாற்றில் அது ‘வெராண்டா கலகம்’ எனவே பெயர் பெற்றது. வெராண்டா வீடா, வீதியா என்பதே வழக்கு. ஒரே சொல்லுக்கு இருவர் இரு பொருள் கொண்டால் விளைவது என்ன என்பதற்கு இது தக்க சான்று.

எண்ணிக்கையிலும் வேறுபாடு

பெயரில் மயங்காதவரும் எண்ணில் மயங்குவர். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மூவறை வீட்டில் இரண்டு படுக்கையறைகளே உண்டு. மூன்றாவது அறை கூடம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் படுக்கையறைகளையே எண்ணுவர். இந்தியாவில் இத்தனை படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை என்று அடுக்கிச் சொல்வர். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ‘மூன்றரை’ வீடு வாடகைக்கு விடப்படும். அந்த அரை என்பது குளியலறை. அமெரிக்காவிலோ ‘ஹாஃப் பாத்’ என்றால் குளிக்கும் இடமின்றிக் கழிகலமும் கை கழுவும் தொட்டியும் மட்டும் உள்ள அறை. ஓரிடத்து அரை இன்னோரிடத்து அரை அன்று.

மாடிக் கணக்கு இவற்றினும் முக்கியமானது. பிரிட்டன், அயர்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளில் தரையோடு உள்ளது தரைத்தளம். அதற்கு மேலுள்ளது முதல் மாடி. அமெரிக்காவில் தரையோடு உள்ளதே முதல் தளம். மலேசியாவில் பெரும்பாலும் பிரிட்டிஷ் முறை. சிங்கப்பூரில் வீட்டு எண்கள் தரையையே ஒன்று என்று கொண்டு தொடங்குகின்றன. நண்பர் வீட்டைத் தேடுபவர் ஒரு மாடி தவறினால் சிறிது நேரம் வீணாகும். நோயாளியிடம் விரையும் மருத்துவ உதவியாளர் ஒரு மாடி தவறினால் வீணாவது நேரம் மட்டும் என்று சொல்வதற்கில்லை.

ஆசிரியர் கொள்ள வேண்டியது

இவற்றால் பெறப்படும் கருத்து ஒன்றே. அறைப் பெயருக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான சரி, பிழை இல்லை. இடத்துக்கு ஏற்ற சரி, பிழை உண்டு. தொல்காப்பியர் திசைச்சொல்லைக் குற்றமுடையதென்று தள்ளாமல் சொல்லின் நால்வகையுள் ஒன்றாக வைத்தார். அப்பெருந்தன்மையே இங்கும் வழிகாட்டுவது.

எதனை எழுதினாலும் தகும் என்பது இதன் பொருளன்று. இலண்டன் வீட்டைப் பற்றிய கதையை மொழிபெயர்ப்பவர் அங்குள்ள ஹாலைக் கூடம் என்று எழுதினால் கதை மாந்தர் நடைவழியில் நின்று பேசியது கூடத்தில் அமர்ந்து பேசியதாகிவிடும். அங்கே ‘நடை’ என்பதே பொருந்தும். அமெரிக்கக் கதையில் ஒரு சிறுவன் குளோசெட்டில் ஒளிந்தால் அது துணி அறை, கழிவறை அன்று. தேர்வுத் தாளில் பிரிட்டிஷ் வழக்கு வேண்டப்படுமாயின் மாணாக்கர் அதனை அறிந்திருத்தல் கட்டாயமே. ஆனால் அதனைக் கற்பிக்கும் முறை வேறு. ‘நீ எழுதியது தவறு’ என்பதற்கு மாறாக, ‘உன் வீட்டில் இதன் பெயர் ஹால், இங்கிலாந்து வீட்டில் ஹால் என்பது நடைவழி, இந்தக் கட்டுரை எந்த வீட்டைப் பற்றியது?’ என்று கேட்டால் போதும். மாணாக்கர் ஒரு சொல்லுக்குப் பதில் இரண்டு சொற்களைக் கற்பர். தம் வீட்டுச் சொல் இழிந்தது என்னும் எண்ணமும் அவர்கள் உள்ளத்தில் வேரூன்றாது.

இந்த நோக்கு தமிழுக்கும் வேண்டும். யாழ்ப்பாணத்தார் சமையலறையைக் ‘குசினி’ என்பர். அது போர்ச்சுக்கீசியர் விட்டுச் சென்ற சொல். தமிழகத்தில் அடுக்களை, சமையற்கட்டு என்று பல பெயர்கள். வகுப்பறையில் இவை ஒருங்கு வந்து சேரும்போது, எது உயர்ந்தது என்னும் வினா எழுதல் கூடாது. எந்த மனையிலிருந்து வந்தது என்னும் வினாவே எழுதல் வேண்டும். வீட்டை அறிந்தவரே அறையின் பெயரை அறிவர்.